எட்டுக் குதிரைத்திறனும் பென்சில் தடிமன் தண்ணீரும்: நான்கு ஆண்டுக்குப் பிறகு

எஞ்சினைப் பழுது பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கே நண்பர் கேட்டார்: "விலை குறைந்திருக்கிறதாம். என் பதினெட்டடி ஃபைபர் படகுக்கு உங்களுடைய எட்டுக் குதிரைத்திறன் அவுட்போர்டையே, அதாவது பின்பலகையில் மாட்டும் அந்த எஞ்சினையே, வாங்கட்டுமா? தனியாகத்தான் போவேன்." வேறு நாளில் கேட்டிருக்கலாம்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரண்டு ஸ்ட்ரோக், கயிறிழுத்துக் கிளப்புவது, லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய் கலக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நான்கு ஆண்டுகளாக அதிராம்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, கரை கண்ணில் படும் தூரத்தில், பெரும்பாலும் தனியாளாக ஓட்டுகிறேன். எனக்கு ஒரே ஒரு குறைதான். தண்ணீர் பீச்சும் அந்தத் துளை.

எஞ்சின் கீழிருந்து கடல்நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு, அதில் கொஞ்சத்தைப் பென்சில் தடிமனில் வெளியே பீச்சுகிறது. அது நின்றால் சில நிமிடங்களில் எஞ்சின் வெந்துவிடும். என்னுடையதில் சூட்டுக்குக் கத்தும் அலாரமும் இல்லை. பீச்சுகிற துளையை வைத்திருப்பதோ பின்பக்கம். இரண்டு பேர் போனால் ஒருவர் பார்த்துக்கொள்வார். தனியாளோ இடக்கையில் சுக்கான் பிடியுடன் அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, பார்த்து உட்கார்ந்திருக்கிறான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்ப வேண்டும். திருப்பிய நேரத்தில் அலை பக்கவாட்டில் வரும். இதை வரைந்த பொறியாளர் ஒரு நாளாவது தனியாகக் கடலுக்குப் போயிருப்பாரா?

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், அடியெல்லாம் கடல்புல். அதை மேயும் கடற்பசுக்களுக்காக 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். கடற்பசுவுக்கு விருந்து, என் எஞ்சினுக்குத் தொண்டையடைப்பு. காற்று திசை மாறிய மறுநாள் பிடுங்கிய புல் பாய் பாயாக மிதந்து வரும்.

போன அக்டோபரில் மனோராவுக்கு நேரே வந்துகொண்டிருந்தேன். நெப்போலியன் தோற்றதற்காக சரபோஜி கட்டிய அந்த எட்டடுக்குக் கோபுரம்தான் அந்தப் பக்கத்தில் எனக்குக் கரை அடையாளம். காலையில் கண்ணாடியாகக் கிடந்த கடல். மூன்று மணிக்கு மேற்கே வானம் கறுத்தது, கோபுரம் மழைக்குள் மறைந்தது, கரையிலிருந்து குளிர்ந்த காற்று ஒரே அடியாக அடித்தது. திரும்பிப் பார்த்தால் தாரை நூலாக மெலிந்து, அப்புறம் சொட்டுச் சொட்டாக வந்தது. நிறுத்தினேன். காற்று கடல் பக்கம் தள்ளுகிறது, முதலில் நங்கூரம். இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டடி ஆழம்தான், பிடித்துக்கொண்டது. எஞ்சினைத் தூக்கிச் சாய்த்து, வயிற்றைப் பின்பலகையில் அழுத்திக் குனிந்து பார்த்தால் ஈரத் தலைமுடிபோல, படகைத் தள்ளும் விசிறியில் சுற்றியிருந்தது புல். உறிஞ்சும் சல்லடையிலும் பச்சையாக அடைசல். நகத்தால் பிய்த்தேன். துளைக்குள் தூண்டில் நரம்பைவிட்டுக் குத்தினேன். முதுகில் மழை கல்லாக விழுந்தது. மறுபடி கயிறிழுத்ததும், நியாயமாகச் சொல்ல வேண்டும், முதல் இழுப்பிலேயே கிளம்பிவிட்டது.

கிளப்புவதில் இது ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை. மூன்று மாதம் கொட்டகையில் கிடந்தாலும் இரண்டாவது இழுப்பு. எடையையும் நானே தோளில் சுமந்து சேற்றில் நடந்துவிடுவேன். கழுத்துவலிக்கு மருந்தும் கிடைத்தது. பழைய பைக்கின் பக்கக் கண்ணாடி ஒன்றைப் பின்பலகையில் முறுக்கிவைத்தேன். அணியத்தைப் பார்த்தபடியே தாரையைப் பார்க்கலாம். இந்த நான்கு ஆண்டில் படகுக்கு வாங்கியவற்றில் அதைப்போல உருப்படியானது வேறொன்றும் இல்லை. உப்புநீர் தெறித்து மங்கும், சட்டை நுனியால் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்போதைய பழுது இம்பெல்லர், அதாவது தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம். உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த ரப்பருக்கு முகவர் இருபத்துமூன்று நாள் காக்கவைத்தார். அதற்குள் வாடைக் காற்றுக்கு முந்தைய நல்ல நாட்கள் எல்லாம் போய்விட்டன.

ஆகவே நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். மேலே எழுதிய பாராட்டு அத்தனையும் உண்மைதான், இருந்தாலும் வாங்காதீர்கள். துளை பக்கவாட்டில் உள்ள எஞ்சினாகப் பாருங்கள், இரண்டு குதிரைத்திறன் குறைந்தாலும் பரவாயில்லை.

பழைய சக்கரம் என் மேசையில் கிடக்கிறது. ஆறு இதழில் மூன்று இல்லை. மெக்கானிக் உள்ளே துழாவி இரண்டை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவதைக் கேட்டேன். "உள்ளேதான் எங்கேயாவது இருக்கும் அண்ணே, ஓட ஓட வந்துவிடும்" என்றார். வியாழக்கிழமை தொண்டிக்குப் போகிறேன். கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.