கடை மெசேஜை நானே தமிழ்ல எழுதுறேன் - 6 வருஷ அனுபவம்

ஈரோடு பக்கம் மரச்செக்கு எண்ணெய் கடைங்க. கஸ்டமருக்கு போற எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் பிசினஸ் மெசேஜ் எல்லாம் 6 வருஷமா நானே உக்காந்து டைப் பண்றேன். அதுக்கு முன்ன ஒரு ஏஜென்சி கிட்ட குடுத்திருந்தேன், "எங்களது உயர்தர தயாரிப்புகளை பெற்று பயனடையுங்கள்"னு எழுதி அனுப்புனாங்க. எண்ணெய்ங்கற வார்த்தையே அதுல இல்ல. ஒருத்தர் போன் போட்டு "நீங்க என்னங்க விக்கிறீங்க"ன்னு கேட்டாரு, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

எனக்கு எழுத கத்துக் குடுத்தது எஸ்எம்எஸ் தான். இங்கிலீஷ்ல ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழ்ல 70 தான், அதுலயும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி கணக்கு. நல்லெண்ணெய்னு எழுதினா கண்ணுக்கு 6 எழுத்து, மெசேஜ் கணக்குல 11. 70 தாண்டினா ரெண்டு மெசேஜ் காசு. அதனால தரமான, தூய்மையான, பாரம்பரியமிக்க எல்லாத்தையும் கழட்டிட்டு "நேத்து ஆட்டின நல்லெண்ணெய் வந்தாச்சு"னு போட்டேன், சரியா 35. மீதி 35ல ரேட்டும் கடை பேரும் அடங்கிருச்சு. மக்க கேக்கறதும் அது தானுங்களே, எப்ப ஆட்டுனது, என்ன விலை.

ஒண்ணு மட்டும் கவனம். டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம் ட்ராயோட 2018 ரூல் படி, எஸ்எம்எஸ்ல அனுப்பப்போற வாசகத்த (டெம்ப்ளேட்) போன் கம்பெனிங்களோட டிஎல்டிங்கற பதிவு தளத்துல முன்னாடியே பதிஞ்சிருக்கணும். நான் ஒரு பொங்கலுக்கு "வந்தாச்சு"வ "வந்துருச்சு"னு மாத்தி அனுப்புனேன், ஒருத்தருக்கும் போகல.

வாட்ஸ்அப்ல எழுத்து கணக்கு தொல்லை இல்ல, ஆனா ஒரே மெசேஜ பல பேருக்கு அனுப்பற பிராட்காஸ்ட் லிஸ்ட் நம்ம நம்பர சேவ் பண்ணவங்களுக்கு தான் போகும், அதனால பில் போடும்போதே சேவ் பண்ண சொல்லிடுவேன். வாட்ஸ்அப்ல எனக்கு ரொம்ப உதவுனது குயிக் ரிப்ளை, அதாவது அடிக்கடி வர்ற கேள்விக்கு முன்னாடியே எழுதி வச்சுக்கற பதில். "அடியில கசடு நிக்குது, கலப்படமா?"ன்னு வாரத்துக்கு நாலு பேராவது கேப்பாங்க. மொதல்ல "இயற்கையான படிவுகள் காணப்படலாம்"னு பதில் வச்சிருந்தேன், படிச்சிட்டு இன்னும் சந்தேகமா கேட்டாங்க. இப்ப இருக்கறது இது:

"அது எள்ளு மண்டி தானுங்க. பில்டர் போடறதில்ல, வெயில்ல வச்சு தெளிய விட்டு ஊத்தறோம். குலுக்காம மேலாப்புல ஊத்திக்கோங்க. ஆட்டும்போது கருப்பட்டி சேக்கறோம், லேசா இனிப்பு வாசம் வரும்."

இத படிச்சவங்க பெரும்பாலும் திருப்பி கேக்கறதில்ல, சிலர் மண்டிய தனியா எடுத்து என்ன பண்ணலாம்னு கேக்கறாங்க, அது வேற சந்தோஷம்.

"வைத்தியனுக்கு கொடுக்கறத வாணியனுக்கு கொடு" பழமொழிய ரெண்டு வருஷம் போட்டேன். அருமையான பழமொழி தான், ஆனா பாக்கற எண்ணெய் கடை போர்டுல எல்லாம் அது இருக்கு, நம்ம கடைன்னு தெரிய மாட்டேங்குது. ஒரு அம்மா கடையில நின்னு "இந்த எண்ணெய் வாங்குனா இட்லி பொடி தான் சீக்கிரம் தீருது"ன்னாங்க. அவங்க கிட்ட கேட்டுட்டு அப்படியே ஸ்டேட்டஸ்ல போட்டேன், அன்னிக்கு சாயந்திரம் எண்ணெயோட சேத்து இட்லி பொடியும் இருக்கான்னு கேட்டு மெசேஜ் வந்துச்சு. இப்ப பொடியும் வச்சு விக்கிறோம்.