சூடு குறைந்துவிட்டது என்று காட்டி ஏமாற்றினார்கள்: லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

லேப்டாப் சூடாகிறது என்று கடையில் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். காசு போனது ஒரு பக்கம். வேலையே செய்யாமல் செய்தது போலக் காட்ட இவ்வளவு சுலபமான வழி இருக்கிறதே, அதைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

என்னுடையது நான்கு வருடப் பழைய மெஷின். இன்டெல் ஐ5 8250யு பிராசஸர். சில மாதங்களாகவே வீடியோ கால் ஆரம்பித்தால் ஃபேன் ஊளையிடும், மடியில் வைக்க முடியாத அளவுக்கு அடிப்பக்கம் கொதிக்கும். ஒரு நாள் வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தபோது பட்டென்று அணைந்தே போய்விட்டது. வெப்பநிலை காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் 98, 99 டிகிரி. இந்த பிராசஸருக்கு உச்ச வரம்பே 100 டிகிரி செல்சியஸ்தான். அதைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் நின்றுவிடும்.

சரி, உள்ளே தூசி அடைத்திருக்கும் என்று ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது கடைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். 61 டிகிரி. "ஃபேன் போயிருந்தது சார், புதுசு போட்டாச்சு. பேஸ்டும் மாத்தியாச்சு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா மதர்போர்டே போயிருக்கும்" என்றார். (பேஸ்ட் என்றால் பிராசஸரின் சூட்டை அதன் மேலிருக்கும் உலோகத்துக்குக் கடத்தும் பசை.) என் கண் முன்னாலேயே ஒரு டெஸ்ட்டை ஐந்து நிமிடம் ஓட்டினார். 64ஐத் தாண்டவில்லை. இதற்கு மேல் என்ன கேட்பது? கேட்ட பணத்தைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். பில்லில் "லேப்டாப் சர்வீஸ்" என்று ஒரே ஒரு வரி. அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

வீட்டில் சத்தமே இல்லை, சூடும் இல்லை. ஆனால் மெஷின் நகரவில்லை. வழக்கமாக இருபது நிமிடத்தில் முடிகிற வீடியோ ஏற்றுமதி முக்கால் மணி நேரம் இழுத்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸர் வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே நிற்கிறது. தேவைப்பட்டால் 3.4 வரை ஏறக்கூடிய பிராசஸர் இது.

காரணம் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் இருந்தது. அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள் "பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்" என்று ஒரு பகுதி, அதன் கீழே "மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்". இயல்பாக 100 சதவீதம் இருக்கும். என்னுடையதில் 99. ஒரு சதவீதத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் 100க்குக் கீழே வைத்தாலே விண்டோஸ் டர்போ வேகத்தை, அதாவது தேவைப்படும்போது அடிப்படைக்கு மேலே ஏறும் வேகத்தை, நிறுத்திவிடும். பிராசஸர் அடிப்படை வேகத்திலேயே தவழும், அதனால் சூடும் வராது. அவசரத்துக்கு நாமே இப்படி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை, நல்ல வழிதான். அதைச் செய்துவிட்டு ஃபேன் மாற்றினேன் என்று பணம் வாங்குவது திருட்டு.

நான் அதை 100க்கு மாற்றினேன். மூன்றாவது நிமிடம் 97 டிகிரி. பழைய ஊளை திரும்ப வந்துவிட்டது.

ஹார்டுவேர் தெரிந்த நண்பர் ஒருவரை உட்கார வைத்து அடிமூடியைக் கழற்றினோம். முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் மற்றதைத் தொட்டார். ஃபேன் இறக்கைகளில் நான்கு வருட அழுக்கு கறுப்பாகப் படிந்திருந்தது. ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே, காற்று வெளியேற வேண்டிய இடத்தில், தூசி கம்பளித் துணி போலத் திரண்டு நின்றது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வருகிறது! பிராசஸர் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கைத் தூக்கினால், மாற்றியதாகச் சொன்ன தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

திறந்ததென்னவோ திறந்திருக்கிறார்கள். ஒரு திருகாணி இல்லை. குட்டைத் திருகாணி இருக்க வேண்டிய துளையில் நீளமானதை முறுக்கியிருந்தார்கள். அதன் நுனி மேல்புறத்தை முட்டி, டச்பேட் ஓரத்தில் சின்னதாக மேடு எழும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் பேட்டரி உப்பிவிட்டதோ என்று எங்களுக்குப் பகீரென்றது. நல்லவேளை, பேட்டரி தட்டையாகவே இருந்தது. (உங்கள் டச்பேட் தானாக மேலே எழும்பியிருந்தால் சூட்டைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். உடனே சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியைக் காட்டுங்கள்.)

கடைக்குப் போய்க் கேட்டேன். "நீங்களே திறந்துட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்லை" என்று ஒரே பேச்சு. அந்த இடத்தில்தான் நான் தவறிவிட்டேன். சந்தேகம் வந்ததும் மூடியைத் திறக்காமல், அந்த 99 செட்டிங்கைப் படம் எடுத்துக்கொண்டு, அவர்கள் மேசையிலேயே வைத்துத் திறக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் கொடுப்பதற்கு முன்பே உங்கள் மெஷின் என்ன வேகத்தில் ஓடும்போது எத்தனை டிகிரி வருகிறது என்று படம் எடுத்து வையுங்கள். கடையில் டிகிரியை மட்டும் காட்டினால் போதாது, பக்கத்திலேயே டாஸ்க் மேனேஜரில் வேகத்தையும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் முன்னால் திறந்து சுத்தம் செய்யத் தயங்குகிற கடை வேண்டாம். தூசி எடுத்துப் பேஸ்ட் வைப்பது பெரும்பாலான லேப்டாப்களில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. பாகம் மாற்றினால் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், எது மாற்றப்பட்டது என்று பில்லில் தனித்தனியாக எழுத வையுங்கள்.

எங்கள் வேலை அன்று மாலையே முடிந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பழைய பேஸ்டைத் துடைத்தோம், இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்தோம், பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, ஹீட்சிங்க்கில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும் வரிசையிலேயே திருகாணிகளை முறுக்கினோம். பழைய ஃபேன்தான், நன்றாகவே ஓடுகிறது. டர்போ வேகத்தோடு அதே வீடியோவுக்கு இப்போது 79 டிகிரி. அந்த நீளத் திருகாணியை எடுத்தாகிவிட்டது, ஆனால் டச்பேட் ஓரத்து மேடு மட்டும் அப்படியே இருக்கிறது. டைப் செய்யும்போது உள்ளங்கையில் நெருடுகிறது.