எபிசு சர்க்யூட்டும் என் எஸ்14 சில்வியாவும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

டிரிஃப்ட் காரில், அதாவது வேண்டுமென்றே பின்சக்கரங்களைச் சறுக்கவிட்டுப் பக்கவாட்டில் ஓட்டும் காரில், எந்த மாற்றம் உண்மையில் வேலை செய்கிறது, எது வெறும் பார்வைக்கு என்று தெரிய வேண்டுமானால் ஜப்பானில் ஃபுகுஷிமா மாகாணத்தின் நிஹோன்மட்சுவில் இருக்கிற எபிசு சர்க்யூட் என்ற பந்தயத் தடத்தின் கார் நிறுத்துமிடத்துக்குப் போய் நில்லுங்கள். மலைச்சரிவில் பல சின்னச் சின்ன தடங்கள், பக்கத்திலேயே ஒரு சஃபாரி பார்க். 2021 பிப்ரவரி நிலநடுக்கத்தில் மண் சரிந்து ஒரு தடத்தையே மூடியது, அதன் பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை.

'டிரிஃப்ட் மட்சுரி' (டிரிஃப்ட் திருவிழா) நாட்களில் அங்கே நிற்கும் கார்களைப் பார்க்க வேண்டும். நிஸானின் சில்வியா, 180எஸ்எக்ஸ், லாரல், டொயோட்டாவின் சேஸர், மார்க் டூ. பம்பர் கேபிள் டையில் தொங்கும், ஃபெண்டர் ஒரு நிறம், கதவு ஒரு நிறம். ஆனால் பானட்டைத் திறந்தால் ஹோஸ் கிளாம்ப் ஒவ்வொன்றும் புதுசு. 180எஸ்எக்ஸுக்கு சில்வியாவின் முகத்தை மாட்டிய 'சில்எய்ட்டி' கார்களும் நிற்கும். மேலெழும் ஹெட்லைட்டை மோதலுக்குப் பிறகு சரிசெய்வதைவிட அது மலிவு, எடையும் குறைவு.

என்னுடையது சில்வியாவின் எஸ்14 மாடல், டர்போ வைத்தது, எஸ்ஆர்20 எஞ்சின், கம்பெனிக் கணக்கில் 220 குதிரைத்திறன். இதுவரையில் எனக்கு அதிகம் பலன் தந்தது எஞ்சின் வேலை இல்லை, டூ-வே எல்எஸ்டிதான், அதாவது ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் டிஃபரென்ஷியல். இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சுற்றினால்தான் சறுக்கல் கட்டுக்குள் இருக்கும். கடை வாசலில் மெதுவாகத் திருப்பும்போது 'கடக் கடக்' என்று சத்தம் போடும், டிஃப் ஆயிலை அடிக்கடி மாற்றியாக வேண்டும், அவ்வளவுதான். அடுத்தது வெட்டிச் சுருக்கிய நக்கிள், முன்சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் பாகம். ஸ்டீயரிங் கூடுதலாகத் திரும்புவதால் வண்டி ரொம்பப் பக்கவாட்டில் போனாலும் சுழன்றுவிடாமல் மீட்க முடிகிறது. டயர் உள்ளே உரசும், அதற்கு ஃபெண்டரின் உட்பக்கத்தை அடித்து மடக்க வேண்டும்.

குளிர்விப்புக்குப் பணம் ஒதுக்காமல் டர்போ பூஸ்டை (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தத்தை) ஏற்றாதீர்கள். வண்டி பக்கவாட்டில் போகும்போது காற்று ரேடியேட்டருக்கு நேராக வராது, வேகமும் குறைவு, ஆனால் ஆர்பிஎம் மட்டும் மேலேயே நிற்கும், அதனால் ஆயில் சூடு மளமளவென்று ஏறும். தடித்த அலுமினிய ரேடியேட்டரும் ஆயில் கூலரும் போட்டபின் கோடையிலும் நிம்மதியாக ஓட்டுகிறேன். எஸ்ஆர்20-இல் ஆர்பிஎம் உச்சத்தில் எஞ்சினைத் தடுக்கும் லிமிட்டரைத் தொடர்ந்து அடித்தால், வால்வைத் திறக்கும் ராக்கர் ஆர்ம் கழன்று விழும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், கொஞ்சம் முன்னாடியே கியரை மாற்றிவிடுங்கள்.

காயிலோவரில், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷனில் மட்டும் மனவருத்தம். ஒரு மலிவு செட் ஒரே குளிர்காலத்தில் ஆயில் கசிந்தது, கடைக்காரர் வாரண்டி இல்லை என்று கைவிரித்துவிட்டார். இப்போது போட்டிருப்பதை அக்கக்காகக் கழற்றி ரிப்பேர் பண்ணலாம், விலை அதிகம் என்றாலும் இதுதான் சரி. ரோட்டிலும் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் 'ஷாகென்' சோதனைக்குத் தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், அதைக் கணக்கில் வைத்தே தாழ்த்துங்கள்.

செலவைச் சொல்லாமல் விட முடியாது. 13 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்கு ஜப்பானில் வருடாந்தர வரி கூடுதல். 25 வருடம் ஆன கார்களை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்யலாம் என்பதால் நல்ல சில்வியாக்கள் கப்பலேறிவிட்டன, மிச்சத்தின் விலை கண்டபடி ஏறிவிட்டது. ஒரு காலத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் முதல் வண்டியாக வாங்கி ஓட்டித் தேய்த்த கார் இது என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

அப்புறம், வாங்கப் போகிறவர்கள் ஜாக்கி வைத்துத் தூக்கி அடிச்சட்டத்தையும், பானட்டுக்குள் சஸ்பென்ஷனின் மேல்முனை பொருந்தும் ஸ்ட்ரட் டவரையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பம்பர் உடைந்திருந்தால் பரவாயில்லை. சட்டம் துருப்பிடித்தோ மடங்கியோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.