சித்திரை விடுமுறைக்குக் கூடாரம்: குளக்கரையா, கடற்கரையா?

வன்னியில் முத்தையன்கட்டு, இரணைமடுக் குளங்களின் பக்கம் மருதமர நிழல் உண்டு. இறுகிய மண்ணில் கூடார முளை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பொழுதுபட்டால் யானை தண்ணீருக்கு வரும். இலத்தி, முறிந்த கொப்பு, அகன்ற தடம் கண்ட இடத்தில் கூடாரம் போடவே வேண்டாம். முதலையும் இருக்கும் என்பதால் இருட்டிய பின் குளிக்கக் கூடாது. நுளம்பு வலை கட்டாயம்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் காற்று நுளம்பை விரட்டும், யானைத் தொல்லையும் குறைவு. அங்கே சிக்கல் மணல்தான். சாதாரண முளை இரவுக் காற்றில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நான்கு உரப்பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள்; அசையாது. தறப்பாளின் தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்த்திருக்கட்டும். நிழல் இல்லை, கிணறும் பெரும்பாலும் உவர். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர்: எட்டுப் பேருக்கு இரண்டு நாளைக்கு 20 லீற்றர் கான் நான்கு.

சிறுவர்கள் வந்தால் கடற்கரையே நல்லது. கடலில் இறக்கமட்டும் விடாதீர்கள், அலை இழுக்கும்.

எங்கென்றாலும் விறகைக் கடையில் வாங்குங்கள். கண்ணிவெடி இருப்பதாக எச்சரிக்கும் மண்டையோட்டுச் சிவப்புப் பலகை உள்ள பற்றைக்குள் ஒரு சுள்ளிக்காகக்கூடக் கால் வைக்காதீர்கள்.