ஸோவா வாய் மூடினால் முதலில் பாஸ்பேட்டை அளந்து பாருங்கள்: ஹன்னா எச்ஐ774 பற்றி

ஸோவாந்திட் (சுருக்கமாக ஸோவா) பவளம் எளிதில் சாகாது, புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது என்றுதான் கடைக்காரர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அவை மொத்தமாக வாயை மூடிக்கொள்ளும்போது நமக்குப் பதற்றம் வருகிறது. பதற்றத்தில் கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் ஊற்றிவிடுகிறோம். ஊற்றுவதற்கு முன், தண்ணீரில் கரைந்திருக்கும் சத்தான பாஸ்பேட்டை அளந்து பாருங்கள். என் தொட்டியில் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது ஹன்னா நிறுவனத்தின் எச்ஐ774 என்ற கையடக்கக் கருவி.

சிங்கப்பூரில் தெம்பனிஸ் அடுக்குமாடி வீட்டில் 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் அளந்து எழுதி வைப்பது எனக்குப் பழக்கம். உறவினர் திருமணத்துக்காக மதுரை போயிருந்தபோது, தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு பராமரிப்புச் சேவையை அமர்த்தியிருந்தேன். திரும்பி வந்தபோது கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஆனால் இடப்பக்கப் பாறையில் இருந்த ஸோவாக்களில் பாதிக்கு மேல் மூடிக்கிடந்தன. ஆரஞ்சு விளிம்பும் பச்சை வட்டுமாக விரிந்திருக்கவேண்டிய பாலிப்புகள் (பவளக் கூட்டத்தின் தனித்தனி உயிர்கள்), அடித்து இறக்கிய ஆணியின் தலை போல ஒடுங்கியிருந்தன. சிலவற்றின் மேல் மெல்லிய சளிப்படலம். தண்டுகளுக்கு இடையே பாசி ஏறத் தொடங்கியிருந்தது.

வழக்கமான சந்தேகங்களை வரிசையாகப் பார்த்தேன். உப்படர்த்தி 1.025. குளிரூட்டி சரியாக ஓடியதால் வெப்பநிலை 26 டிகிரி. காரத்தன்மை 8.3 டிகேஎச். நைட்ரேட் 8. விளக்கின் அளவும் மாறவில்லை. மாறியிருந்தால் பாலிப் தண்டை நீட்டிக்கொண்டு ஒளியைத் தேடும், அல்லது வெளிறும். இரவில் விளக்கணைத்துவிட்டு சிவப்பு டார்ச்சோடு பாறையை அணு அணுவாகப் பார்த்தேன். ஸோவாவைத் தின்னும் கடல்நத்தைகள் தாங்கள் தின்ற பாலிப்பின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும். அதனால் நத்தையைத் தேடுவதைவிட, தண்டின் அடியில் வெள்ளைச் சுருளாக ஒட்டியிருக்கும் முட்டைகளைத் தேடுவதுதான் எளிது. அப்படி எதுவும் இல்லை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சூரியக்கடிகார நத்தையும் இல்லை. தண்டில் சிறு மஞ்சள் கொப்புளங்களாக வரும் ஸோவா அம்மையும் இல்லை.

எதிர்வீட்டுத் தம்பியும் கடல்தொட்டி வைத்திருப்பவர். “அக்கா, அயோடினில் முக்கி எடுத்துவிடுங்கள், பழைய டூத்பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்” என்றார். இரண்டுக்கும் மறுத்துவிட்டேன். பூச்சி இல்லாத, ஏற்கெனவே தளர்ந்த பவளத்துக்கு மருந்துக் குளியல் இன்னொரு அடி. தேய்ப்பது அதைவிட மோசம். 1971இல் ஹவாயில் மூர், ஷூயர் என்ற வேதியியலாளர்கள் பாலித்தோவா என்ற ஸோவாந்திட் வகையிலிருந்து பிரித்தெடுத்த பாலிடாக்சின் மிகக் கொடிய நஞ்சு. ஸோவாந்திட்கள் பலவற்றில் அது இருக்கிறது. தேய்க்கும்போது தெறிக்கும் ஒரு துளி கண்ணில் பட்டால் போதும். பாறையைக் கொதிக்கவைத்து அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்தப் பாறையைத் தொடவே வேண்டாம்.

மிச்சம் இருந்தது பாஸ்பேட். வீட்டில் இருந்த வண்ண அட்டைச் சோதனையில் முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மங்கலான நீலச்சாயல்தான். வரவேற்பறையின் மஞ்சள் விளக்கில் அதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஸோவாவின் வாழ்வும் சாவும் அந்த இரண்டு கட்டங்களுக்கு இடையில்தான் இருக்கிறது என்பதால் எச்ஐ774ஐ வாங்கினேன்.

இது அளக்கும் எல்லை 0.00 முதல் 0.90 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை. வேலை செய்யும் விதம் எளிது. 10 மில்லி தொட்டிநீரைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, வேதிப்பொடி எதுவும் சேர்க்காமல் முதலில் உள்ளே வைக்கவேண்டும். இது சுழியளவு. பிறகு ஒரு பொட்டலம் பொடியைப் போட்டு, கரையும்வரை மெதுவாக ஆட்டி, மீண்டும் வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மூன்று நிமிடம் எண்ணிவிட்டு அளவைக் காட்டும். பாஸ்பேட் இருந்தால் நீர் நீலமாகும். கண்ணுக்குப் பதில் ஒளியுணரி அந்த நீலத்தைப் படிக்கிறது.

ஆய்வகப் பழக்கம் இங்கே உதவுகிறது. குப்பியின் வெளிப்புறத்தைப் பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். கைரேகையும் நீர்த்துளியும் பாஸ்பேட்டாகக் கணக்கில் ஏறும். ஆட்டும்போது நுரை எழுப்பாதீர்கள். சுவரில் ஒட்டிய காற்றுக்குமிழ் ஒளியைச் சிதறடிக்கும். பொட்டலத்தின் மூலையில் பொடி தங்காதபடி சுண்டிக் கொட்டுங்கள். இரண்டு அளவுக்கும் ஒரே குப்பியை, ஒரே பக்கம் முன்னால் இருக்கும்படி வையுங்கள்.

என் தொட்டிக்கு 0.00 காட்டியது. மறுபடி அளந்தபோது 0.01. இந்தக் கருவியின் துல்லியமே கூட்டல் கழித்தல் 0.02 பிபிஎம், அதோடு அளவில் 5 சதவீதம். ஆகவே இவ்விரண்டும் எனக்கு ஒரே விடைதான்: பாஸ்பேட் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. மணலில் குமிழோடு இழுபட்ட பழுப்பு நூல்களும் அதையே சொல்லின. சத்து வற்றிய தொட்டியில் தலைதூக்கும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்களின் தோற்றம் அது. தொட்டியின் வடிகட்டிக் குடுவையைத் திறந்து பார்த்தேன். பராமரிப்புக்கு வந்தவர்கள் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்ஸைடு மணிகளை விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தார்கள்! தண்ணீர் ‘சுத்தமாக’ இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பவளத்தின் திசுவுக்கும் அதற்குள் வாழும் பாசிக்கும் பாஸ்பரஸ் வேண்டும். நைட்ரேட் இருந்து பாஸ்பேட் மட்டும் இல்லாமல் போகும் நிலை, இரண்டும் குறைவாக இருப்பதைவிடப் பவளத்துக்கு ஆபத்தானது.

மணிகளை எடுத்தேன். மீன்களுக்கு உறைந்த மைசிஸ் இறாலைக் கூடுதலாகப் போட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. எண் மெல்ல ஏறி 0.05க்கு வந்தது. கூட்டத்தின் ஓரத்துப் பாலிப்புகள்தான் முதலில் அசைந்தன: நடுவில் ஊசிமுனை அளவு திறப்பு, பிறகு ஆரஞ்சு விளிம்பு, கடைசியில் பச்சை வட்டு. நடுவில் இருந்த சில போய்விட்டன. சில வாரங்களில் மற்றவை விரிந்துவிட்டன. பழுப்பு நூல்களும் மணலில் குறைந்துகொண்டு வருகின்றன.

பூச்சியையோ, அம்மையையோ, ஒளிக்குறைவையோ இந்தக் கருவி கண்டுபிடிக்காது. அதற்கு டார்ச்சும் பொறுமையும்தான். வண்ண அட்டையைவிட விலையும் அதிகம். ஆனாலும் ஸோவா வளர்ப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்கும்போது மாடல் எண்ணைப் பாருங்கள். எச்ஐ713 என்பது 2.50 பிபிஎம் வரை அளப்பது, துல்லியம் 0.04, நமக்கு வேண்டிய இடத்தில் அது போதாது. எச்ஐ736 பாஸ்பேட்டை அல்ல, பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும், 3.066ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பொடி தனி. பொட்டலப் பெட்டியில் 774 என்ற எண்ணையும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள்.