மாருதி 800-க்கு மாற்றுப் பாகம்: பிளாஸ்டிக்கா, உலோகமா?

புதுப்பேட்டையில் ஒரு ரேடியேட்டர் கடை. கடைக்காரர் இரண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று செம்புக் கோர் (தண்ணீர் ஓடி ஆறும் குழாய்களின் நடுப்பகுதி), பித்தளை டேங்க், மேலே கறுப்புப் பெயின்ட். தூக்கினால் மணிக்கட்டு இழுக்கிறது. மற்றது அலுமினியக் கோர், இரு முனையிலும் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க். ஒரு கையால் விசிறி மாதிரி பிடிக்கலாம்.

“எதுண்ணே நல்லா இருக்கும்?” என்று கேட்டேன்.

“தண்ணி ஊத்துவீங்களா, கூலன்ட் ஊத்துவீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க சார்.”

பதினைந்து வருடமாக மெக்கானிக்குகளிடம் நான் கேட்டுவந்த கேள்வியே தப்பு என்று அங்கேதான் புரிந்தது. “இரும்புன்னா நிக்கும், பிளாஸ்டிக்னா போயிடும்” என்பதுதான் பட்டறைகளில் பொதுவாகச் சொல்வது. நானும் அதை நம்பித்தான் செலவு செய்தேன்.

என் வண்டி 1997 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த இந்தக் காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. கடைசியாக வெளிவந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. பாகங்கள் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன, ஆனால் ஒரே பாகம் இரண்டு மூன்று விதமாக. கடையில் நின்று தேர்ந்தெடுக்க வேண்டியது நாம்தான்.

ரேடியேட்டர்

இதில்தான் பணமும் ஆபத்தும் அதிகம். 800-இன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளைந்து, அதன் அடியில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்துவிடும். அதற்கு ஆகும் செலவில் ரேடியேட்டரைப் பலமுறை மாற்றலாம்.

வெப்பத்தைக் கடத்துவதில் செம்பை அலுமினியம் நெருங்க முடியாது. ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு என்று கணக்கிட்டால் செம்பு ஏறக்குறைய 400, அலுமினியம் 235 வாட் அளவில் நிற்கிறது. ஆனால் இதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவோம். செம்பு ரேடியேட்டரில் குழாயையும், சூட்டைக் காற்றில் விடும் மெல்லிய தகடான ஃபின்னையும் இணைப்பது ஈயப் பற்று. அது வெப்பத்துக்குக் குறுக்கே நிற்கும். அலுமினியத்தில் குழாய்களை அகலமாகவே செய்துவிட முடிகிறது, எடையும் குறைவு. 800 மாதிரிச் சின்ன இன்ஜினுக்கு நல்ல நிலையில் இருக்கும் எதுவானாலும் போதும்.

வித்தியாசம் பழசாகும்போதுதான் தெரிகிறது.

பிளாஸ்டிக் டேங்க் என்பது கண்ணாடி இழை கலந்த நைலான். 260 டிகிரி அளவில்தான் உருகும் என்பதால் கூலிங் சிஸ்டத்தின் சூடு அதை உருக்காது. ஆனால் வருடக்கணக்கில் சூடான கூலன்ட்டில் ஊறி, ஆறி, மறுபடி சூடேறி, உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை வந்துவிடுகிறது. முதலில் போவது மேல் ஹோஸ் மாட்டும் கழுத்து. ஹோஸைக் கழற்றிவிட்டு அந்தக் கழுத்தின் விளிம்பை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல டேங்க் நகத்தை வழுக்கிவிடும். வயதானது சாம்பல் நிறத்தில் வெளுத்திருக்கும், பொரிகடலைத் தோல் மாதிரி சிறு செதில் உதிரும். உதிர்ந்தால் அது அடுத்த கோடையைத் தாண்டாது. ஹோஸ் கிளிப்பை ஸ்க்ரூடிரைவர் போட்டு முடிந்த மட்டும் முறுக்கும் பழக்கம் இந்தக் கழுத்துக்கு எமன். பித்தளை தாங்கும், இது விரிசல் விடும்.

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பதினான்காவது வளைவில் என் வண்டியின் டெம்பரேச்சர் முள் எகிறியது. பானட்டைத் திறந்தால் கழுத்தில் மயிரிழை விரிசல், அதிலிருந்து ஆவி சீறுகிறது. எபாக்சிப் பசை பூசிப் பார்த்தோம். சூடேறியதும் கேக் துண்டு மாதிரி கழன்று வந்தது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் சேலத்துக்கு இறங்கினோம். அதே வண்டியில் முன்பு செம்பு ரேடியேட்டர் இருந்தபோது ஒட்டன்சத்திரத்தில் டேங்க் ஓரம் ஒழுகியது. பட்டறைக்காரர் டார்ச்சைக் காட்டி, சுரண்டி, ஈயம் பற்றவைத்தார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கிளம்பினேன். இப்படி வழியில் சரிசெய்ய முடிவதுதான் செம்பின் உண்மையான பலம். அடைத்துக்கொண்டாலும் டேங்கைக் கழற்றி, குழாய்க்குள் ராடு விட்டு, மறுபடி பற்றவைத்துவிடலாம். பழைய ரேடியேட்டரைக் கடையில் கொடுத்தால் செம்பு எடைக்குக் காசும் கழிப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு உடனே செம்பு வாங்கக் கிளம்ப வேண்டாம். அந்த ஈயப் பற்றுதான் அதன் பலவீனமும். குண்டும் குழியுமான ரோட்டில் அதிர்ந்து அதிர்ந்து மூட்டுகள் விடும். வெள்ளையாகப் பூத்திருக்கும் மூட்டைப் பார்த்தால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். எல்லாப் பட்டறைக்காரரும் ஒட்டன்சத்திரத்துக்காரர் மாதிரி கைத்திறன் உள்ளவர்களும் அல்ல. அடிக்கடி பற்றவைத்த செம்பு ரேடியேட்டரைப் பார்த்திருக்கிறேன், ஒரு ஒழுகலை அடைத்த சூட்டில் பக்கத்து மூட்டு இளகிக் கிடந்தது.

கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். நம் ஊரில் பாதிப் பேர் ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கடலோர மாவட்டங்களில் அது உப்புத் தண்ணீர். உப்பு அலுமினியத்தில் ஊசிமுனை மாதிரி துளை போடும். வெளியே டேங்க் பளபளவென்று இருக்கும், உள்ளே கோர் சல்லடையாகும். செம்பு அதை ஓரளவு தாங்கும், ஆனால் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். கூலன்ட் ஊற்றுவது உறைபனிக்காக என்று நினைத்து “நம்ம ஊர்ல எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே அதன் வேலை துருவையும் அரிப்பையும் தடுப்பதும் கொதிநிலையை ஏற்றுவதும்தான். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று போட்டிருக்கும் அழுத்தம் சரியாக நின்றால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்தால் இன்னும் கொஞ்சம் மேலே. மூடியின் ரப்பர் போய்விட்டால் எந்த ரேடியேட்டர் போட்டும் பயனில்லை.

அதனால் நான் வாங்கியது அலுமினியம்-பிளாஸ்டிக். காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட் மட்டும் ஊற்றுகிறேன், கழுத்தை வருடம் ஒருமுறை நகத்தால் பார்க்கிறேன், கிளிப்பைக் கையளவோடு முறுக்குகிறேன். ராமநாதபுரத்தில் இருக்கும் என் மச்சானுக்கு வாங்கிக் கொடுத்தது செம்பு. அவர் வண்டி தோப்புக்கும் டவுனுக்கும் ஓடுவது, யார் கையில் என்ன தண்ணீர் இருக்கிறதோ அதை ஊற்றுவார்கள். சொல்லிப் பார்த்தேன், மாறாது. டேங்கும் அலுமினியமாகவே வெல்டிங் செய்த மூன்றாவது வகை ஒன்று உண்டு. கழுத்து உடையும் தொல்லை அதில் இல்லை. ஆனால் விலை அதிகம், உப்புத் தண்ணீருக்கு அதுவும் தோற்றுப்போகும்.

வாட்டர் பம்ப்

பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரைப் பொறுத்தவரை நான் உலோகத்தின் பக்கம். பிளாஸ்டிக் இம்பெல்லர் துருப்பிடிக்காது, லேசானது. ஆனால் வயதானால் தண்டில் பிடி விட்டு, தண்டு மட்டும் சுழலும். வெளியே சொட்டு ஒழுகாது, பெல்ட் ஓடும், தண்ணீர் மட்டும் நகராது. எச்சரிக்கையே தராமல் இன்ஜினைக் கொல்லும் பழுது அது.

உலோகம் வாங்கினாலும் வெறும் தண்ணீரில் ஓட்டினால் பயனில்லை. கழற்றிய ஒரு பழைய பம்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இறக்கைகள் துருவில் கரைந்து, ஓரம் பிளேடு மாதிரி மெலிந்து, பாதி உயரம்தான் மிச்சம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சூடேறுகிறது என்று வந்தால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது நம் ஊர் வைத்தியம். செய்யவிடாதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் கூடும், உண்மையான பழுது மறைந்தே இருக்கும்.

பிளாஸ்டிக்காகவே இருக்க வேண்டியவை

கியர் லிவரின் அடியில் இருக்கும் நைலான் புஷ் தேய்ந்தால் லிவர் ஆடும், இரண்டாவது கியர் தேடித்தான் விழும். லேத்தில் பித்தளையில் கடைந்து போட்டால் ஜென்மத்துக்கும் நிற்கும் என்று ஒருவர் சொல்ல, நானும் போட்டேன். நின்றது. ஆனால் இன்ஜினின் நடுக்கம் முழுக்க உள்ளங்கைக்கு வந்தது, ஒரு வருடத்தில் புஷ்ஷுக்குப் பதில் ராடு தேய்ந்திருந்தது. புஷ் சின்ன விலை, ராடு அப்படி இல்லை. மறுபடி நைலானுக்கே வந்தேன்.

ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுழற்றும் சின்ன கியரும் இப்படித்தான். கேபிள் இறுகிக்கொண்டால் அந்த நைலான் பல் மழுங்கி, முள் நின்றுவிடும். கியர்பாக்ஸ் தப்பிக்கும். அதை உலோகத்தில் தேடி அலைபவர்கள், விலை குறைந்த பாகத்தைக் காப்பாற்றப் போய் விலை கூடியதைப் பணயம் வைக்கிறார்கள்.

கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் ஹேண்டில் இவற்றில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. உலோகம் கிடைத்தால் வாங்குங்கள்.

பம்பர்

பிளாஸ்டிக் பம்பருக்கு முன்னால் இரும்புக் கார்டு, அதாவது தடுப்புக் கம்பி, மாட்டினால் வண்டிக்குப் பலம் என்று பலர் நம்புகிறார்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கார்டுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அது அனுமதியில்லாத மாற்றம். எனக்குச் சட்டத்தைவிடக் காரணம் பெரிதாகப் படுகிறது. மோதும்போது பம்பரும் அதன் பின்னால் இருக்கும் தகடும் நசுங்கித்தான் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. நசுங்காத இரும்பு அந்த அடியை நேராக சேஸிசுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் கடத்துகிறது. எதிரே நடந்து வருபவரின் காலுக்கு அது கடப்பாரை. வீட்டில் குழந்தைகளை ஏற்றிச் செல்பவர்கள் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

பெட்ரோல் ஃபில்டர்

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்பின் அழுத்தம் குறைவு என்பதால் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஃபில்டர் தாராளமாகப் போதும். எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிக்கு அதை மாட்டவே கூடாது, அங்கே அழுத்தம் பல மடங்கு. உலோக உறை போட்டதுதான் வேண்டும். என் வண்டியில் இருப்பது பிளாஸ்டிக். போன மாதம் அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். அடியில் காப்பித் தூள் மாதிரி பழுப்புத் துகள். இரும்பு பெட்ரோல் டேங்க் உள்ளே துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. வரும் ஞாயிறு டேங்கை இறக்கப்போகிறேன்.