எஸ்பிரெஸோ மேடை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

துணைச் சாமான் எதையும் ஆர்டர் போடுமுன் தெரிந்திருக்க வேண்டிய எண் ஒன்று உண்டு: உங்கள் மெஷினில் காபித் தூளைப் போடும் துளையுள்ள கிண்ணமான பாஸ்கெட்டின் விட்டம். டிலாங்கி டெடிக்காவுக்கு 51 மி.மீ. பிரெவில் பம்பினோ, பரிஸ்டா எக்ஸ்பிரஸ் இரண்டுக்கும் 54. காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியாவுக்கு 58. ஆன்லைனில் கண்ணைப் பறிக்கும் சாமான்களில் பாதிக்குமேல் 58க்கென்றே செய்தவை. படத்தைப் பார்த்து வாங்கினால், 51 பாஸ்கெட்டின் வாய்க்குள் இறங்கவே இறங்காத டாம்பர்தான் (தூளை அழுத்தும் கருவி) மிஞ்சும். விட்டம் சரியென்றால் அடுத்த கேள்வி: கோப்பையில் தெரிகிற எந்தக் குறையை இந்தப் பொருள் தீர்க்கும்? அதற்குப் பதில் சொல்ல முடிகிற பொருள்களுக்குத்தான் இங்கே நல்ல மதிப்பெண்.

முதல் காசு தராசுக்கு. ஒரே ஸ்பூனில் தலைதட்டி எடுத்தாலும் வறுவலையும் அரைப்பையும் பொறுத்துத் தூளின் எடை ஒன்றிரண்டு கிராம் மாறும். அந்த ஒரு கிராமே ஷாட்டின், அதாவது ஒருமுறை இறக்கும் எஸ்பிரெஸோவின், வேகத்தைப் பல நொடிகள் தள்ளிவிடும். 58 மி.மீ. பாஸ்கெட்டில் 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம், நேரம் 25 முதல் 30 நொடி. 51 மி.மீ. பாஸ்கெட்டில் 14 அல்லது 15 கிராம் தூளுக்கு 28 முதல் 30 கிராம். இங்கிருந்து தொடங்கி நாக்கு சொல்கிறபடி நகர்த்திக்கொள்ளலாம். தராசு 0.1 கிராம் வரை காட்டவேண்டும், டைமர் அதிலேயே இருக்கவேண்டும். இந்த இரண்டும் எல்லா விளம்பரத்திலும் இருக்கும். விளம்பரத்தில் இல்லாத மூன்றைத்தான் பார்க்கவேண்டும்.

ஒன்று, அளவு. டெடிக்காவின் மொத்த அகலமே ஏறத்தாழ 15 செ.மீ. சமையலறைத் தராசு அதன் டிரேயில் சமமாக உட்காராது. ஓரம் எங்காவது இடித்தால் எடை பொய் சொல்லும். தடிமனான தராசு என்றால் அதன்மேல் வைத்த கோப்பை மெஷினின் மூக்கில் இடிக்கும். இரண்டு, எண் ஓடும் வேகம். மெதுவாக நீர் ஊற்றும்போது எண்ணும் கூடவே ஏறவேண்டும்; நின்று நின்று தாவினால் எஸ்பிரெஸோவுக்கு ஆகாது. வேகமான தராசிலும் 33, 34 கிராமிலேயே பட்டனை அணைத்தால்தான் மிச்சச் சொட்டு சேர்ந்து 36 வரும். மூன்று, தானே அணையும் நேரம். ஷாட்டின் நடுவில் கண்ணை மூடிக்கொள்ளும் தராசு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அகாயா லூனார் சின்ன உடம்பு, சட்டென்ற எண், பார்க்கவும் லட்சணம். விலையும் அதற்குத் தகுந்தாற்போல. டைம்மோர் பிளாக் மிரர் வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

இரண்டாவது காசு பாஸ்கெட்டுக்கு. பல வீட்டு மெஷின்களோடு வருவது இரட்டைச் சுவர் பாஸ்கெட். உள்ளே பார்த்தால் நிறையத் துளை, அடியில் ஒரே ஒரு பொடித் துளை. அந்த ஒற்றைத் துளைதான் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அதனால் பழைய தூளிலும் நுரை பொங்கும், ஆனால் அந்த நுரைக்குச் சுவை கிடையாது. ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில் அழுத்தத்தைத் தரவேண்டியது காபித் தூளேதான். ஆகவே அரைப்பில் நூல் பிசகினாலும் கோப்பையில் தெரிந்துவிடும். எஸ்பிரெஸோ அளவுக்கு நைசாகவும் சின்னச் சின்னப் படிகளாகவும் மாற்றக்கூடிய கிரைண்டர் இல்லாதவர்கள் இரட்டைச் சுவரிலேயே இருப்பது நல்லது. ஃபில்டருக்கென்று கடையில் அரைத்துத் தரும் தூளை ஒற்றைச் சுவரில் போட்டால் பத்து நொடிக்குள் வெளுத்த தண்ணீராக ஓடிவிடும். சிக்கரி கலந்திருந்தால் இன்னும் மோசம். அந்தத் தூளுக்குப் பித்தளை ஃபில்டர்தான் சரியான இடம்.

கிரைண்டர் இருக்கிறதென்றால் ஐ.எம்.எஸ்., வி.எஸ்.டி. நிறுவனங்களின் துல்லியப் பாஸ்கெட்டுகள் காசுக்குத் தகுதியானவை. துளைகள் ஒரே அளவு, ஓரம் வரை சீராக இருக்கும். பொதுவாக நீர் இவற்றில் வேகமாக இறங்கும். அரைப்பை ஓரிரு படி நைசாக்கவேண்டியிருக்கும். 18 என்று பொறித்த பாஸ்கெட்டில் 17 முதல் 19 கிராம் போடுங்கள். 15 கிராம் போட்டால் தூள் மட்டத்துக்கு மேல் வெற்றிடம் கூடி, சக்கை சேறாகிவிடும். 21 போட்டால் மேலிருந்து நீரைத் தூவும் சல்லடையான ஷவர் ஸ்கிரீன் தூளில் அழுந்தி, கட்டி பிளக்கும்.

டாம்பர் விஷயத்தில்தான் அழகுக்கும் பயனுக்கும் நேரடிப் போட்டி. டெடிக்காவோடு வருகிற பிளாஸ்டிக் டாம்பர் பாஸ்கெட்டின் வாயைவிடச் சின்னது; அழுத்தும்போது ஓரத்தில் வளையம்போல் தூள் எழும்பி நிற்கும். 9 பார் அழுத்தத்தில் வரும் நீர் அந்தத் தளர்ந்த வளையத்தைத்தான் முதலில் தேடிப்போகும். ஓரம் அளவுக்குமீறிக் கரைந்து கசக்கும், நடு வேகாமல் புளிக்கும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வந்தால் சந்தேகம் முதலில் டாம்பர்மேல் போகட்டும். 58 மி.மீ. துல்லியப் பாஸ்கெட்டுக்கு 58.5 மி.மீ. டாம்பர்; பிரெவிலின் ‘54’க்கு 53.3. பெயரில் உள்ள எண்ணை நம்பாமல் வெர்னியர் காலிப்பர் வைத்துப் பாஸ்கெட்டின் உள்வாயை அளந்துவிடுங்கள். இடைவெளி மொத்தமாக அரை மி.மீ.க்குள் இருந்தால் போதும்.

எவ்வளவு பலமாக அழுத்துவது என்று பலர் கவலைப்படுகிறார்கள். தூளுக்கிடையில் உள்ள காற்று வெளியேறி அதற்குமேல் இறங்காது என்ற நிலை வந்துவிட்டால், மேற்கொண்டு தரும் பலம் மணிக்கட்டைத்தான் நோகடிக்கும். முக்கியம் சாயாமல் அழுத்துவது. நார்ம்கோர் போன்ற நிறுவனங்கள் விற்கும் ஸ்பிரிங் டாம்பரில் வெளித்தட்டு பாஸ்கெட்டின் விளிம்பில் உட்கார்ந்துகொள்வதால் சாய வழியே இல்லை. காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஷாட் போடுபவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். ஒரு பராமரிப்பு உண்டு: ஸ்பிரிங் உள்ள குழலுக்குள் தூள் புகுந்து நாளடைவில் கரகரக்கும். மாதம் ஒருமுறை அடித்தட்டைக் கழற்றி உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, திருகை இறுக்கமாகப் பூட்டுங்கள், தண்ணீரில் போடவேண்டாம். மரப்பிடி அழகுதான், ஆனால் ஈரத்தில் ஊறி ஊறிக் காய்ந்தால் வெடிக்கும். சிங்க்கில் மற்ற பாத்திரங்களோடு கிடக்கும் வீட்டில் எவர்சில்வர் பிடியே மேல்.

மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் தருவது ஊசிக் கிளறி, அதாவது டபிள்யூ.டி.டி. கருவி. ஜான் வைஸ் என்பவர் 2005ல் சொன்ன முறை இது. பெயரின் முதல் எழுத்து அவருடையது. கிரைண்டரிலிருந்து கட்டி கட்டியாக விழும் தூளை மெல்லிய ஊசிகளால் கிளறி உதிர்த்துப் பரப்புவது, அவ்வளவுதான். ஊசியின் பருமன் 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்கவேண்டும். மலிவான கருவிகள் சிலவற்றில் குண்டூசிபோல் தடித்த கம்பி வைத்திருப்பார்கள். அது கட்டியை உடைக்காமல் ஏர் உழுத மாதிரி சால் போட்டுவிட்டுப் போகும். ஊசியின் எண்ணிக்கை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் இருந்தால் சரி. ஒரு தக்கையில் அக்குபங்சர் ஊசிகளைக் குத்தியும் இதைச் செய்துகொள்ளலாம், வேலையில் குறைவே இருக்காது. கிளறும் முறை முக்கியம்: முதலில் ஊசி அடிவரை போகவேண்டும், சின்னச் சின்ன வட்டமாக ஓரம்வரை, பிறகு மெல்ல மேலேற்றி, கடைசியில் மேற்பரப்பை மட்டும் லேசாகத் தடவிச் சமன்செய்வது. பதினைந்து இருபது நொடி போதும். மேலாக மட்டும் கிளறினால் அடிக்கட்டி அப்படியே இருக்கும், மேலே பார்க்கச் சமமாகத் தெரியும், ஷாட் மட்டும் பீய்ச்சியடிக்கும்.

கிளறும்போது தூள் சிந்தாமலிருக்கப் பாஸ்கெட்டின்மேல் உட்காரும் புனல் வளையம் வேண்டும். காந்தம் வைத்தது வசதி. எல்லாப் பாஸ்கெட்டும் காந்தத்தைப் பிடிப்பதில்லை என்பதால், ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை ஒருமுறை விளிம்பில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உள்ளங்கையில் பிடித்துச் சுழற்றும் வட்டமான சமன்செய்யும் கருவி ஒன்று எல்லாப் பரிசுத் தொகுப்பிலும் இருக்கிறது. 2015 உலக பரிஸ்டா சாம்பியன் சாஷா செஸ்டிக்கின் ஓனா காபி நிறுவனத்தால் பிரபலமான வடிவம். கையில் கனமாக, பளபளவென்று, மேடையில் வைத்தால் மேடைக்கே களை கூடும். ஆனாலும் வீட்டுக்கு வேண்டாம் என்பதே நம் தீர்ப்பு. அது தொடுவது மேல் சில மில்லிமீட்டரைத்தான். ஊசி கிளறிய தூளுக்கு அதன் தேவை இல்லை, கிளறாத தூளில் குறையை மூடிமறைக்கும்.

அரைக்குமுன் காபி விதைமேல் நீர் தெளிக்கும் குட்டி ஸ்பிரே பாட்டில் பற்றி இரு கருத்து உண்டு. அரைக்கும்போது உண்டாகும் நிலைமின்னால் தூள் கிரைண்டர் சுவரெல்லாம் ஒட்டும். சிறிது ஈரம் இருந்தால் அது அடங்கும் என்பதை ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃபர் ஹெண்டன் குழு 2023 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு அளந்தே காட்டியது. 18 கிராமுக்கு ஒன்றிரண்டு தெளிப்பு, ஒவ்வொரு முறையும் எடைபோட்டுப் போடும் கிரைண்டரில் மட்டும். விதையை மொத்தமாக நிரப்பிவைக்கும் ஹாப்பரில் தெளித்தால் விதை ஈரத்தோடே கிடக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலத்தில் காற்றிலேயே போதுமான ஈரம் இருப்பதால் இந்தத் தொல்லை தானாகக் குறையும்.

அடியில்லாத போர்ட்டாஃபில்டர் (பாஸ்கெட்டைத் தாங்கி மெஷினில் மாட்டும் கைப்பிடி) அழகுக்கும் பயனுக்கும் ஒருசேர மதிப்பெண் வாங்கும் பொருள். தேன் நிறத்தில் பல இழைகள் கூடி ஒரே தாரையாக இறங்கும் காட்சிக்காகவே பலர் வாங்குகிறார்கள். நாம் சொல்வது அது ஒரு பரிசோதனைக் கருவி என்று. ஒரு பக்கம் மட்டும் முதலில் சொட்டினால் டாம்பர் சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் மட்டும் வளையமாக வந்து நடு காய்ந்திருந்தால் தூள் நடுவில் குவிந்துவிட்டது. ஊசிபோல் பக்கவாட்டில் பீய்ச்சினால் கட்டி உடையவில்லை. வாங்குமுன் பழைய போர்ட்டாஃபில்டரைத் தலைகீழாக்கி அதன் காதுகளை எண்ணுங்கள்: 51 மி.மீ.யிலேயே இரண்டு காது, மூன்று காது என்று வகை உண்டு, ஒன்று மற்றதில் மாட்டாது. இரட்டைச் சுவர் பாஸ்கெட்டோடு இதைப் பயன்படுத்தி எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

தூளின்மேல் வைக்கும் சல்லடைத் தட்டு, பக் ஸ்கிரீன், மெஷினின் தலைப்பகுதியைச் சுத்தமாக வைத்திருக்கும். பரவலாகக் கிடைக்கும் 1.7 மி.மீ. தட்டுக்கு இடம்விட ஒரு கிராம் தூளையாவது குறைக்கவேண்டியிருக்கும். சக்கையோடு சேர்ந்து அது குப்பைக்குப் போய்விடும் ஆபத்தும் உண்டு. விருப்பம்போல.

பால் குடுவை: ஒரு கோப்பைக்கு 350 மி.லி., இரண்டுக்கு 600. மூக்கு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை பால். 600 மி.லி. குடுவையில் ஒரு கோப்பைப் பாலை ஊற்றினால் நீராவி மூக்கு முழுகாது, சோப்பு நுரைபோல் பெரிய குமிழிதான் வரும். கறுப்பு, வெள்ளைப் பூச்சுப் போட்ட குடுவைகள் அழகு. ஆனால் கை வைத்துச் சூடு பார்ப்பவர்களுக்குப் பூச்சில்லாத எவர்சில்வரே சட்டென்று சேதி சொல்லும். 55 முதல் 65 டிகிரிக்குள் நிறுத்தவேண்டும், 70 தாண்டினால் இனிப்பு போய்விடும். பாலைக் காய்ச்சிய பிறகுதான் தொடுவது நம் வீட்டு வழக்கம். பாஸ்டரைஸ் செய்த பாக்கெட் பாலுக்கு அது இங்கே வேண்டாம்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபடி ஊற்றினால்தான் சூடேறுமுன் காற்றைச் சேர்க்க நேரம் கிடைக்கும். ஆவினில் 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சை நல்ல சமநிலை. 6 சதவீத ஆரஞ்சு வாயில் வழவழவென்று நிற்கும், நுரை சற்றுக் கனமாக இருக்கும்.

சக்கை தட்டும் பெட்டி, நாக் பாக்ஸ், கனமானதாக, அடியில் ரப்பர் போட்டதாக இருக்கட்டும். லேசானது தட்டும்போது மேடையெல்லாம் நகரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரச் சக்கை இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும், தினமும் காலிசெய்யவேண்டும். மரத்தாலான டாம்பிங் மேடை வாங்குபவர்கள் குழியின் அளவைப் பாருங்கள். 58க்கான குழியில் 51 ஆடும். வெறும் சிலிக்கான் பாயே போதும் என்பதுதான் உண்மை.

மேடை பார்க்க ஒழுங்காக இருக்க ஒரே வழி, இரண்டு பொருள்களுக்குமேல் கலக்காமலிருப்பது. எவர்சில்வரும் ஒரு மர நிறமும், அல்லது எவர்சில்வரும் கறுப்பும். ஐந்து கடையில் வாங்கிய ஐந்து விதப் பழுப்பு மரப்பிடிகள் தனித்தனியே அழகாக இருக்கும், சேர்ந்தால் இருக்காது. கோப்பைக்குக் கனமான பீங்கான், 60 முதல் 80 மி.லி., வெந்நீரில் அலசிச் சூடாக்கியது. டம்ளரில் எஸ்பிரெஸோ பிடித்தால் மெல்லிய சுவர் வழியாகச் சூடு விரலுக்குப் போய்விடும், காபிக்கு மிஞ்சாது.

கடைசியாக, யாரும் அழகுக்காக வாங்காத, ஆனால் மேலே சொன்ன பாதிக்குமுன் வாங்கவேண்டிய பொருள்: சுத்தம் செய்யும் பொடி. அர்னெக்ஸ் கஃபீஸா போன்றது. காபி எண்ணெய்ப் பிசுக்கு ஷவர் ஸ்கிரீனில் படிந்து சிக்கெடுத்தால் எவ்வளவு நல்ல விதையும் காறும். அரை லிட்டர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி பொடி, பாஸ்கெட்டும் ஸ்கிரீனும் இருபது நிமிடம் ஊறட்டும். அலுமினியப் பாகங்களை அதில் போடாதீர்கள், கறுத்துவிடும், மரப்பிடியும் முழுகக்கூடாது. துளையில்லாத பாஸ்கெட்டில் 3 கிராம் பொடி போட்டுப் பின்னோட்டம் கொடுப்பது, அதாவது நீரை மெஷினின் உள்வழியே திருப்பி ஓடவிட்டுக் கழுவுவது, மூவழி வால்வு (ஷாட் முடிந்ததும் அழுத்தத்தை வெளியேற்றுவது) உள்ள மெஷினுக்கு மட்டும்: பத்து நொடி ஓட்டம், பத்து நொடி நிறுத்தம், ஐந்து முறை, பிறகு வெறும் நீரில் இன்னும் ஐந்து முறை. காஜியா கிளாசிக்கில் அந்த வால்வு உண்டு. டெடிக்காவில் இல்லை, அங்கே ஸ்கிரீனைக் கழற்றி ஊறவைப்பது ஒன்றே வழி, அதற்கு வேண்டியது ஒரு ஸ்க்ரூ டிரைவர்.